பொக்கற் இல்லாத உடுப்பு

றெஜினா: கையை எடுங்கோ அங்கால. எத்தினை தரம் தடவினாலும் அதில பொக்கற் முளைக்காது.

செபஸ்தி: நான் வேணுமெண்டே தடவுறன்? கை தானாப் போகுது... முப்பது வருசப் பழக்கம்.

றெஜினா: முப்பது வருசமும் களிசான். இண்டைக்கு கில்ற். ஸ்கொட்லாந்து ஆம்பிளையளின்ர உடுப்பு. அதுக்குப் பொக்கற் இல்லை எண்டு எங்கட மருமோன் போன மாசமே சொன்னவன்.

செபஸ்தி: இயன் மருமோன் ஆகிறதுக்கு இன்னும் ரண்டு மணித்தியாலம் கிடக்கு. அதுக்கிடையில நான் அவனைப் பற்றி நாலு சொல்லுச் சொல்லலாம்.

றெஜினா: சொல்லுங்கோ. சொல்லிக்கொண்டே நிமிந்து நில்லுங்கோ. இந்தத் தோல்வார் பூட்டுதில்லை.

செபஸ்தி: பாவாடைக்கு ஏனப்பா தோல்வார்...

றெஜினா: நேற்று நான் பாவாடை எண்டு சொன்னதுக்குக் கோவிச்சுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தது ஆர்?

செபஸ்தி: நீ சொன்னா வேற. உடுத்துக்கொண்டு நிக்கிறவன் நான், நான் சொல்லலாம்.

றெஜினா: மூச்சை உள்ளுக்கு இழுங்கோ. இன்னும்... இன்னும்... ஆ, பூட்டீற்றுது. எட்டு யார் கம்பளித் துணி. உங்கட அம்மான்ர கூறைச்சீலையே ஆறு யார்தான் இருந்திருக்கும்.

செபஸ்தி: எட்டு யாரில ஒரு சாமான் வைக்க இடமில்லை. சாரமெண்டா மடியிலயாவது செருகலாம். இதுக்குள்ள வீட்டுத் திறப்பைச் செருகினன்...

றெஜினா: எப்ப?

செபஸ்தி: நீ குசினிக்க நிக்கேக்க. ரண்டு அடி எடுத்து வைச்சன், கிலுங்கெண்டு காலடியில கிடக்குது.

றெஜினா: என்ர மாதாவே! வார் போட்டுப் பூட்டுற உடுப்பு, சாரம் மாதிரி உருட்டி மடிக்கிற உடுப்பே அது? கோயில் நடுவில, மகளின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு போகேக்க கிலுங்கெண்டு விழுந்திருந்தா? சனம் என்ன சொல்லும்? செபஸ்தியாம்பிள்ளை கலியாணத்துக்கு வந்தவரோ, பூட்டுத் திறக்க வந்தவரோ எண்டு கேக்கும்.

செபஸ்தி: எல்லாம் உன்ர சம்பந்தி றொபேட்டால வந்த வினை.

றெஜினா: றொபேட் கேட்டார். ஓமெண்டது ஆர்? பியர்பொன்ட்ஸில அந்தாளின்ர வளவுக்க, மூண்டாவது கிளாசுக்குப் பிறகு, தோளில கையைப் போட்டு "மை பிறதர், ஐ வில் வெயர்" எண்டு சத்தம் போட்டது நானே?

செபஸ்தி: எப்பிடி மாட்டன் எண்டுறது? மாப்பிளை பகுதி ஆம்பிளையள் எல்லாரும் இதோடதான் வருவினமாம். பொம்பிளையின்ர தேப்பன் மட்டும் தனிச்சு நிக்கக்கூடாதெண்டு கேட்டுது அந்தாள். செத்துப்போன தன்ர தம்பியின்ர உடுப்பை எடுத்துக் கையில தந்துது, றெஜினா. கண் கலங்கிப்போச்சு அந்தாளுக்கு.

றெஜினா: எனக்கும்தான் கலங்குது, இதைக் கட்டிவிட்டு. கொஞ்சம் திரும்புங்கோ... ஏனப்பா முன்னுக்கு இப்பிடிப் புடைச்சுக்கொண்டு நிக்குது?

செபஸ்தி: மடிப்பு அவ்வளவும் முன்னுக்கு நிக்குது. அதான்.

றெஜினா: மடிப்பு முன்னுக்குத்தானே வரோணும். சீலைக்குக் கொய்யகம் எங்கை வரும்?

செபஸ்தி: அதைத்தான் நானும் யோசிச்சுப்போட்டு இப்பிடிச் சுத்தினனான்.

றெஜினா: அப்ப இந்தப் பை எங்கை தொங்குறது? ஸ்பொறனோ என்னவோ... முன்னுக்குத் தொங்கப்போடுற தோல் பை எண்டு சொன்னவன் இயன். இது மடிப்புக்கு மேல நிண்டு மேளம் அடிக்குது.

செபஸ்தி: அவன் அனுப்பின வீடியோவைப் போட்டுப் பார்.

றெஜினா: அதைப் போட்டுப் பாத்திட்டு உடுங்கோ எண்டு காலமை எட்டு மணியில இருந்து தொண்டை கிழியக் கத்துறன். ஆம்பிளைக்கு உடுப்புப் போட வீடியோவோ எண்டியள். ...இஞ்சை, கொண்டாங்கோ போனை. ம்... ம்... ஐயோ.

செபஸ்தி: என்ன?

றெஜினா: மடிப்புப் பின்னுக்கு.

செபஸ்தி: என்னெண்டு?

றெஜினா: பின்னுக்கப்பா! முன்பக்கம் பலகை மாதிரித் தட்டையா இருக்கோணுமாம். நீங்கள் பின்பக்கத்தை முன்னுக்குப் போட்டுக்கொண்டு நிக்கிறியள்.

செபஸ்தி: நீயும்தானே முன்னுக்கு எண்டனீ!

றெஜினா: நான் சீலை உடுக்கிறவள். எனக்கென்ன தெரியும்? நீங்கள்தானே மை பிறதர். கழட்டுங்கோ.

செபஸ்தி: திரும்பவுமோ? இந்த வாரை இழுத்துப் பூட்டவே மூச்சு வாங்கிப்போச்சு எனக்கு...

றெஜினா: ஏன் மூச்சு வாங்குது?

செபஸ்தி: சும்மா... வயிறு. வயிறு வைச்சுப்போச்சு எண்டு சொல்லுறன்.

றெஜினா: இருங்கோ ஒருக்கா. அந்தக் கதிரையில இருங்கோ.

செபஸ்தி: இருந்தாக் கசங்கும். நேரமும் போகுது...

றெஜினா: கசங்கட்டும், போகட்டும். இருங்கோ எண்டா இருங்கோ. காலை ஒடுக்கி! ஊர் பாக்க இருக்கிறார்.

செபஸ்தி: இதென்ன தொல்லை, இருக்கிறதுக்கும் கட்டளையோ?

றெஜினா: இருக்க முதல் கையால பின்பக்க மடிப்பைத் தடவிச் சரிபண்ணிப்போட்டு, பேந்து இருக்கோணும். வீடியோவில அந்தப் பெடியன் செய்து காட்டுறான். இருந்தாப்பிறகு பையை நேர நடுவில விடோணுமாம். நடக்கேக்க ஆடினா, ஒரு பக்கமாத் தள்ளி விடலாமாம்.

செபஸ்தி: ஒரு கதிரையில இருக்க இவ்வளவு வேலையோ?

றெஜினா: எங்களுக்குப் பிறந்த நாளில இருந்து உதுதான் வேலை. ஒரு நாளைக்கே சலிச்சுப்போனியள். சீலைக்குப் பொக்கற் இருக்கே? உங்கட திறப்பையும் கண்ணாடியையும் முப்பது வருசமா என்ர கைப்பையில காவுறன். எங்கை வைச்சனி, எப்பிடிக் காவுறாய் எண்டு ஒரு நாள் கேட்டனீங்களே?

செபஸ்தி: சரி, இண்டைக்குக் கேக்கிறன். எப்பிடிக் காவுறது?

றெஜினா: மூச்சு வந்திட்டுதே?

செபஸ்தி: வந்திட்டுது, வந்திட்டுது.

றெஜினா: அப்ப எழும்புங்கோ, மாத்திக் கட்டுவம். மெதுவா. ஒரேயடியா எழும்பாதையுங்கோ... ம். இந்தப் பக்கம் திருப்புங்கோ. இப்ப பாருங்கோ, பலகை மாதிரி வந்திட்டுது. பை சரியா இருக்கு. எவ்வளவு வடிவு.

செபஸ்தி: உண்மையாவோ?

றெஜினா: முழங்காலை மட்டும் ஒளிச்சு வைச்சா வடிவு. சரி, கொண்டு போறதெல்லாத்தையும் மேசையில போடுங்கோ. ஒவ்வொண்டா இடம் பாப்பம்.

செபஸ்தி: போன். திறப்பு. மூக்குக்கண்ணாடி. முகம் துடைக்கிற லேஞ்சி. செபமாலை. பேச்சு எழுதின பேப்பர். பேர்ஸ்.

றெஜினா: உது பேர்ஸே? உது அரிசி மூட்டை. என்ன கிடக்கு உதுக்குள்ள... மெற்றோக் காட் மூண்டு, ரண்டு முடிஞ்சுபோன காட். சோறு காய்ச்சுற கறண்ட் சட்டி வாங்கின பில்லுத் துண்டு, அந்தச் சட்டியை எறிஞ்சே ஆறு வருசம். அந்தோனியார் படம்... இன்னொரு அந்தோனியார்... மூண்டாவது அந்தோனியார். ஒராள் போதாதே?

செபஸ்தி: ஒராள் துலைஞ்சா மற்ற ரண்டு பேரும் தேடித் தருவினம்.

றெஜினா: பகிடி வேற. பேர்ஸ் வீட்டில கிடக்கட்டும். லைசென்ஸும் ஒரு பாங்க் காட்டும் போதும். வீடியோக்காரனும் அதைத்தான் சொல்லுறான்: ஸ்பொறனுக்க தட்டையான சாமான் மட்டும் வையுங்கோ, இல்லாட்டி வயிறு வைச்ச ஆள் மாதிரித் தெரியுமாம்.

செபஸ்தி: திறப்பு?

றெஜினா: இடுப்புப் பெல்ட்டில கொழுவிக்கொண்டு கோட்டுக்குக் கீழ ஒளிக்கலாமாம். நடக்கேக்க கிலுங்கும். வேண்டாம், என்ர பைக்குள்ள வரட்டும். லேஞ்சி கோட்டுக் கைக்குள்ள. கண்ணாடி கோட்டுப் பொக்கற்றில. அதில ஒரேயொரு உள்பொக்கற்தான் கிடக்கு. இடப்பக்கம்.

செபஸ்தி: பேச்சும் அங்கைதான் வரோணும். மூண்டு பக்கம். தமிழ் ஒண்டு, இங்கிலிஸ் ஒண்டு, பிரெஞ்சு ஒண்டு.

றெஜினா: அந்தப் பிரெஞ்சை வாசிக்காதையுங்கோ எண்டு எத்தினை தரம் சொன்னனான். சந்தையில தக்காளி விக்கிற பிரெஞ்சு அது. "வாங்கோ, வாங்கோ, ரண்டு பெட்டி அஞ்சு டொலர்" எண்டுற மாதிரித்தான் வருது, பிள்ளையை வாழ்த்தேக்கையும்.

செபஸ்தி: ஜான்-டலோன் சந்தையில பதினெட்டு வருசம் நிண்டவன் வேற எப்பிடிக் கதைப்பான்? நீ கார்டெறியில சின்னப்பிள்ளையளோட நிண்டு கதைச்ச பிரெஞ்சு, உனக்கு இனிக்குது.

றெஜினா: சந்தையில நிண்டியள். இப்ப எங்கை நிக்கிறியள்? மாசி மாசத்தில இருந்து காசுப்பெட்டிக்கு முன்னால கதிரை போட்டெல்லோ இருக்கிறியள்.

செபஸ்தி: முதுகு நோ எண்டு சொன்னனான்தானே. பெட்டி தூக்கேலாமல் கிடக்கு.

றெஜினா: பெட்டி தூக்கேலாத ஆள் செவ்வாய்க்கிழமை லவாலுக்குப் போய்ச் சிநேகிதன் சேவியருக்கு வீட்டுச் சாமான் தூக்கிக் குடுக்கப்போறாராம்.

செபஸ்தி: அது... அது பாரமில்லாத சாமான்.

றெஜினா: ஓமோம். தலகணியா இருக்கும். சரி, இப்ப முக்கியமான சாமான். தாலி.

செபஸ்தி: அதை உன்ர கைப்பையில வை.

றெஜினா: என்னது?

செபஸ்தி: உன்ர கைப்பையில... பத்திரமா...

றெஜினா: கைப்பையைக் கோயில் வாங்கில் வைப்பன். நிலத்தில வைப்பன். படம் எடுக்கேக்க ஆரிட்டயாவது குடுப்பன். அதுக்குள்ள பிள்ளையின்ர தாலியோ? மாப்பிளை பகுதிதான் தாலி கொண்டு வாறது வழக்கம். இயனின்ர ஆக்களுக்கு உது தெரியாதெண்டு நாங்கள் செய்விச்சனாங்கள். அப்ப மாப்பிளை வீட்டுக்கும் சேர்த்து நீங்கள்தான் கொண்டுபோய், உங்கட கையால சுவாமியாரிட்டக் குடுக்கோணும். நீங்கள்தானே ஆசைப்பட்டுச் சொன்னனீங்கள், "அந்தத் தாலியை நான் என்ர உடம்போட வைச்சுக்கொண்டு நடப்பன்" எண்டு.

செபஸ்தி: அது களிசான் போடுறதெண்டு நினைச்சுச் சொன்னனான்.

றெஜினா: ஸ்பொறன் இருக்குத்தானே. பெட்டியில இருந்து எடுத்துத் துணியில சுத்தினா அளவாக் கொள்ளும். மூடி இறுக்கம். விழாது. கண்ணுக்கு முன்னால தொங்கும். இதைவிடப் பத்திரம் எது? திறவுங்கோ.

செபஸ்தி: அது... நிறைஞ்சு கிடக்கு.

றெஜினா: என்ன நிறைஞ்சு கிடக்கு? போன் மேசையில. திறப்பு மேசையில. அந்தோனியார் மூண்டு பேரும் மேசையில. ஸ்பொறனுக்குள்ள ஆர் இருக்கினம்?

செபஸ்தி: தொண்டைக்கு அடிக்கிற மருந்து.

றெஜினா: தொண்டைக்கு.

செபஸ்தி: பேச்சு வாசிக்கோணுமெல்லோ. தொண்டை கட்டினா...

றெஜினா: அதை என்ர பைக்குள்ள தாங்கோ.

செபஸ்தி: ஏலாது.

றெஜினா: தாலியை என்ர பைக்க வைக்கலாம், தொண்டை மருந்தை வைக்கேலாதோ?

செபஸ்தி: தேவைப்பட்ட உடன எடுக்கோணும், றெஜினா. நீ நாலு வரிசை தள்ளி இருப்பாய். அந்த நேரத்தில உன்ர பையைத் திறந்து, சீப்பை எடுத்து, பவுடரை எடுத்து, நூல்கட்டையை எடுத்து... உன்ர பைக்குள்ள ஒரு சாமான் எடுக்கிறதுக்குள்ள சுவாமியார் பூசை முடிச்சிடுவார்.

றெஜினா: அவ்வளவு அவசரமா வாற தொண்டைக்கட்டோ?

செபஸ்தி: நீ ஏன் ஒவ்வொண்டுக்கும் குறுக்க நிக்கிறாய்! ஒரு சின்னப் போத்தில். என்ர இடுப்பில கிடக்கட்டும். அதுவும் உனக்குப் பொறுக்கேல்லையோ?

றெஜினா: ...சத்தம் போடாதையுங்கோ. கேட்டனான், அவ்வளவுதான்.

செபஸ்தி: இல்லாட்டி ஒண்டு செய்யலாம். என்ர சாரத்துப் பெல்ட்டை உள்ளுக்குக் கட்டுறன். அதில பொக்கற் இருக்கு. தாலியை அதுக்குள்ள வைப்பம்.

றெஜினா: அந்தப் பச்சைப் பெல்ட்டோ? கில்ற்றுக்குக் கீழ? சுவாமியார் தாலி எங்கையெண்டு கேக்க, முன்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு தேடுவியளோ?

செபஸ்தி: ஆ... அதை யோசிக்கேல்லை.

றெஜினா: நல்லா யோசிச்சியள். அந்தப் பெல்ட்டைப் பற்றி நானே கேக்க இருந்தனான். இத்தினை வருசமாச் சாரத்துக்குப் பெல்ட் கட்டாத மனிசன், மூண்டு மாசமாப் படுக்கேக்கையும் கட்டிக்கொண்டு படுக்கிறார்.

செபஸ்தி: சாரம் அவிழுது.

றெஜினா: வயிறு வைச்சுப்போச்செண்டு இப்பதான் சொன்னியள். வயிறு வைச்சவைக்குச் சாரம் அவிழுமோ?

செபஸ்தி: போன் அடிக்குது. எடு, எடு... றொசானா. ஸ்பீக்கரில போடு.

றொசானா: ஹலோ, அம்மா? ரெடியா? அப்பா எப்பிடி?

றெஜினா: உன்ர கொப்பர் முன்னைப் பின்னால போட்டு, பின்னை முன்னால போட்டு, இப்பதான் மனிச ரூபத்துக்கு வந்திருக்கிறார். நீ வெளிக்கிட்டிட்டியோ?

றொசானா: ஜொய்சி சித்தி இன்னும் தலைக்குப் பூ வைச்சு முடிக்கேல்லை. அப்பா, கேக்குதா? நாங்கள் முன் வாசலால வரேல்லை. சைட் டோரால வாறம்.

செபஸ்தி: ஏன்? என்னத்துக்கு? முன்வாசலால வாறதெண்டுதானே முடிவு! நான் கோயிலுக்குப் போய் அளந்து வைச்சிருக்கிறன் பிள்ளை. வாசலில இருந்து பீடத்துக்கு எழுபத்திரண்டு அடி. நடந்து பாத்தும் இருக்கிறன்.

றொசானா: போட்டோகிராபர் சொல்றார், அந்தப் பக்கம்தான் லூமியேர் நல்லமெண்டு. வெளிச்சம் அப்பா. அதோட அங்க படி இல்லை.

செபஸ்தி: படி இருந்தா என்ன? எல்லாச் சனமும் எழும்பி நிண்டு பாக்க, உன்ர கையைப் பிடிச்சுக்கொண்டு நடக்கோணுமெண்டு... சைட் டோரால எத்தினை அடி? பதினஞ்சு வருமோ? கடைக்குப் பால் வாங்கப் போற மாதிரி!

றொசானா: பதினஞ்சும் மெதுவா நடப்பம் அப்பா. அப்ப எழுபது மாதிரி இருக்கும். பைப் வாசிக்கிறவருக்கும் சொல்லிட்டன், ஸ்லோவா வாசிக்கச் சொல்லி. பிறகு முன் வரிசையில உங்களுக்கு ஒரு கதிரை போட்டிருக்கு. பூசை முழுக்க இருக்கலாம்.

செபஸ்தி: பூசையில எழும்பி நிக்கிற நேரம் நிக்கத்தானே வேணும்? கிழவன் எண்டு நினைச்சிட்டியோ?

றொசானா: இல்லை அப்பா... கில்ற்றோட எழும்பி இருக்கிறது கஷ்டம் எண்டு இயன் சொன்னவர். அம்மா, பூச்செண்டுப் பிடி ஒரு மாதிரித் தடிச்சுப்போச்சு. கை நோகுது. ஆனா சரி, கழராது.

றெஜினா: கழராமல் இருந்தாச் சரி. ரிப்பனை இன்னும் ரண்டு சுத்துச் சுத்தச் சொல்லு.

றொசானா: டக்கோர், சரி. அப்பா... மெதுவா வாங்கோ, என்ன? அவசரப்படாதேங்கோ. நீங்கள் வராமல் நான் உள்ள போகமாட்டன். பாய்.

செபஸ்தி: பாத்தியே? பிள்ளைக்கு என்ன பிடிச்சிருக்கு? கலியாணத்தைச் சுருக்கிச் சுருக்கி... நாளைக்குத் தாலியையும் தபாலில அனுப்பச் சொல்லுவாள்.

றெஜினா: அவளின்ர கலியாணம். அவள் கேக்கிறபடி நடவுங்கோ. கோட்டைக் கழட்டுங்கோ.

செபஸ்தி: இனி இதுவுமோ?

றெஜினா: உள்பொக்கற்றுக்குப் பூட்டு இல்லை. தாலியை அதுக்குள்ள வைச்சு, வாயை நாலு தையல் போட்டு விடுறன். கோயில் வாசலில நூலை இழுத்தா வந்திடும். தாலி நெஞ்சோட இருக்கட்டும். உங்கட மருந்து ஸ்பொறனுக்குள்ளயே இருக்கட்டும். சரியோ?

செபஸ்தி: ...சரி. உண்மையாவே சரியெண்டுறியோ?

றெஜினா: சரியெண்டுதான் சொல்லுறன். அந்த ஊசியைத் தாங்கோ. பேச்சு மூண்டு பக்கத்தையும் நீட்டுக்கு மடிச்சு, காலில போட்டிருக்கிற மேசுக்குள்ள செருகுங்கோ. முழங்கால் மட்டும் மேஸ், இறுக்கமா நிக்கும். இயன் ஆக்கள் அதுக்குள்ள ஒரு சின்னக் கத்தி செருகுறவையாம்.

செபஸ்தி: கத்தியோ? கோயிலுக்கோ?

றெஜினா: அவைக்குக் கத்தி, உங்களுக்குப் பிரெஞ்சு. ரண்டும் ஒண்டுதான். கண்ணாடியும் என்ர பைக்குள்ள வரட்டும். போனும் வரட்டும்.

செபஸ்தி: கடைசியில பாத்தா எல்லாம் உன்ர பைக்குள்ளதான்.

றெஜினா: எப்பவும் போல. ...இஞ்சை, மதுஷன் மெசேஜ் போட்டிருக்கிறான். றோட்டைக் கிண்டிப் போட்டிருக்கிறபடியால் மூலையில காரோட நிக்கிறானாம். அவனுக்கு எடுத்துச் சொல்லுங்கோ, கார் படிக்குக் கீழ வரோணுமெண்டு.

செபஸ்தி: என்ர தங்கச்சியின்ர மகனுக்கு ஏன் இந்த வதை? ஒரு நூறடி. நடந்து போவம்.

றெஜினா: நடக்கேலாது.

செபஸ்தி: ஏன்?

றெஜினா: சீலை புழுதியாகும். அந்தச் செம்மஞ்சள் கூம்பைத் தூக்கி அங்கால வைச்சிட்டு வரச் சொல்லுங்கோ. பொலிஸ் பிடிச்சா நான் கதைக்கிறன். கையை நீட்டுங்கோ, கோட்டைப் போடுவம். ம். நிமிருங்கோ. என்ர கண்ணே பட்டிடும் போல கிடக்கு.

செபஸ்தி: கதவைப் பூட்டினியோ?

றெஜினா: பூட்டீற்றன். நான் முன்னால இறங்குறன். இந்த வெளிப்படி வளைஞ்சு வளைஞ்சு இறங்குது, காத்தும் அடிக்குது. ஒரு கையால கம்பியைப் பிடியுங்கோ, மற்றக் கையால முன்பக்கத்தை அமத்துங்கோ.

செபஸ்தி: முன்பக்கத்தை ஸ்பொறன் அமத்துது. பின்பக்கம்தான் பறக்குது!

றெஜினா: எதிர்வீட்டுக் கிரேக்கக் கிழவி யன்னலில நிண்டு சிலுவை போடுது.

செபஸ்தி: போடட்டும். ...எத்தினை படி இன்னும்?

றெஜினா: பதினாலு. மெதுவா. ...என்ன, நிண்டிட்டியள்?

செபஸ்தி: ஒண்டுமில்லை.

றெஜினா: காத்தோ?

செபஸ்தி: காத்தில்லை. றெஜினா... அந்தத் தையலைப் பிரிச்சுத் தாலியை நீ எடு.

றெஜினா: திரும்பவுமோ! படியில நிண்டுகொண்டோ! இப்ப என்ன குறை அதுக்கு?

செபஸ்தி: நடுவில நான் விழுந்திட்டா, பிள்ளையின்ர தாலி என்னோட விழக்கூடாது.

றெஜினா: ஏன் விழுறியள்?

செபஸ்தி: கோவிக்காமல் கேள். நான் வலு நாளாச் சொல்லோணுமெண்டு... ஸ்பொறனுக்குள்ள கிடக்கிறது தொண்டை மருந்தில்லை. நெஞ்சுக்கு. நோ வந்தா நாக்குக்குக் கீழ அடிக்கிறது. மாசி மாசம் சந்தையில அப்பிள் பெட்டி தூக்கேக்க வந்தது... அப்பிடியே பெட்டிக்கு மேல குந்தீற்றன். முதுகு எண்டு உனக்குப் பொய் சொன்னனான். செவ்வாய்க்கிழமை போறது சேவியர் வீட்டுக்கில்லை. ஆசுப்பத்திரிக்கு. நெஞ்சுக்குக் குழாய் விட்டுப் பாக்கப்போயினம். முந்தியே வரச் சொன்னவை, நான்தான் கலியாணம் முடியட்டும் எண்டு பின்னுக்குத் தள்ளினனான். உனக்குச் சொன்னா நீ றொசானாவுக்குச் சொல்லுவாய். அவள் கலியாணத்தை நிப்பாட்டிப்போட்டு ஆசுப்பத்திரி வாசலில வந்து குந்துவாள். எனக்குப் பயமா இருக்கு, றெஜினா. சாகிறதுக்கில்லை. அந்தப் பதினஞ்சு அடியை நடக்காமல் போயிடுவனோ எண்டு... ஏசு. நல்லா ஏசு. அவளுக்கு மட்டும் சொல்லிப்போடாதை.

றெஜினா: ஸ்பொறனுக்க நீங்கள் வைச்ச போத்தில் வெறும் போத்திலப்பா, அடிச்சு முடிச்சுப்போட்டியள், நேற்றே எடுத்துப்போட்டுப் புதுசு வைச்சிட்டன். அந்தப் பச்சைப் பெல்ட்டைத் தோய்க்க எடுத்த அண்டைக்கே கண்டிட்டன், நீங்களாச் சொல்லுவியள் எண்டுதான் மூண்டு மாசமாப் பாத்துக்கொண்டு நிக்கிறன். இன்னொரு போத்தில் என்ர சட்டைக்குள்ள கிடக்கு. மற்றது றொசானான்ர பூச்செண்டுப் பிடிக்குள்ள, ரிப்பன் சுத்தி. இப்ப கம்பியை விட்டிட்டு என்ர தோளைப் பிடியுங்கோ... பதினாலு படிதானே, ஆறுதலா இறங்குவம்.